தண்டவாளம் இல்லாத ஊர்களுக்கு நடுவே: வடகோடி விமானப் பயணத்தைக் கையால் கணக்குப் போடும் முறை

மகள் ட்ரோம்சோவில் இருக்கிறாள். மருமகனுக்குக் கிர்கெனெஸில் வேலை. இரண்டும் நார்வேயின் வடகோடி. ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்ற நான், தேடிப் பிடித்தாற்போல் தண்டவாளமே இல்லாத பக்கத்தில் பெண்ணைக் கொடுத்திருக்கிறேன். நார்வேயின் ரயில் பாதை போடோ என்ற ஊரோடு நின்றுவிடுகிறது. அதற்கும் மேலே நார்விக்குக்கு மட்டும் ஸ்வீடன் பக்கமிருந்து ஒரு பாதை வருகிறது. அவ்வளவுதான். ட்ரோம்சோவிலிருந்து கிர்கெனெஸுக்குச் சாலையில் போனால் ஏறத்தாழ 800 கி.மீ. கடலோரக் கப்பலில் போனால் நடுவில் இரண்டு ராத்திரி. அதனால் மாதம் ஒருமுறையாவது யாராவது ஒருவர் விமானம் ஏறுகிறார்கள்.

முதல் குளிர்காலத்தில் அவள் கிளம்பிய அன்றைக்கு நான் நீடாமங்கலத்தில் திண்ணையில் பள்ளிக்கூட அட்லஸை விரித்து உட்கார்ந்தேன். இரண்டு ஊருக்கும் நடுவே கிட்டத்தட்ட 11 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்று எட்டாம் வகுப்பில் படித்தது ஞாபகம் இருந்தது. பெருக்கினேன், 1,221 கி.மீ. குட்டி விமானம், மூன்று மணி நேரமாவது ஆகும் என்று மனைவியிடம் அறிவித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ஒன்றேகால் மணி நேரத்தில் போன் அடித்தது. விமானம் திரும்பிவிட்டது என்றே நினைத்தேன்.

“என்னம்மா, கிளம்பலையா?”

“இறங்கி, பெட்டியும் எடுத்தாச்சுப்பா.”

உண்மையான தூரம் 420 கி.மீ. சொச்சம்தானாம். என் கணக்கில் மீதி 800 கி.மீ. எங்கே போயிற்று? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதன் பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். “போன்ல போட்டா வந்துடாதா?” என்று மனைவி கேட்டாள். தூரம் வரும், சரியாகவும் வரும். ஆனால் தூரம் சொல்கிற தளங்கள் பல, பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்து, மேலே அரை மணி நேரம் சேர்த்துப் பயண நேரம் என்று போட்டுவிடுகின்றன. வடக்கே சின்ன விமான நிலையங்களுக்கு நடுவே அந்தக் கணக்கு ஒத்துவராது. ஒரு பென்சிலும் போனில் உள்ள கால்குலேட்டரும் இருந்தால் நாமே போட்டுவிடலாம்.

முதலில் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். ஊருடையது அல்ல, விமான நிலையத்துடையது. கிர்கெனெஸில் ஓடுபாதை இருப்பது ஊருக்கு மேற்கே பதினைந்து கி.மீ. அளவில், ஹோய்புக்ட்மோயன் என்ற இடத்தில். (கிர்கெனெஸ் என்று எழுதினாலும் அந்த ஊர்க்காரர்கள் வாயில் அது ஷிர்கெனெஸ் மாதிரிதான் வருகிறது.) போன் வரைபடத்தில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். ட்ரோம்சோ வடக்கு 69.68, கிழக்கு 18.92. கிர்கெனெஸ் வடக்கு 69.73, கிழக்கு 29.89.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்திருக்கிறேன். பழைய அட்லஸிலும் சில பட்டியல்களிலும் டிகிரி, நிமிடம் என்று எழுதியிருப்பார்கள். 69 டிகிரி 41 நிமிடம் என்றால் 69.41 இல்லை. 41ஐ 60ஆல் வகுக்க வேண்டும், 0.68 வரும். நம் ஊரை வைத்துப் பாருங்கள்: நீடாமங்கலம் சுமார் 10 டிகிரி 46 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 25 நிமிடம் கிழக்கு. இதை அப்படியே 10.46, 79.25 என்று எழுதினால் ஊர் பெயர்ந்து பட்டுக்கோட்டைப் பக்கம் போய் உட்கார்ந்துவிடும்.

அடுத்தது நான் கோட்டைவிட்ட இடம். ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்பது வடக்கு தெற்காகப் போனால் எங்கேயும் சரி. கிழக்கு மேற்காகப் போனால் பூமத்திய ரேகையில் மட்டும்தான் சரி. இதைப் புரியவைத்தது புத்தகம் இல்லை, பொங்கலுக்கு வாங்கி வைத்திருந்த பறங்கிக்காய். நல்ல வரி ஓடிய காய். வயிற்றுப் பக்கம் இரண்டு வரிக்கு நடுவே நூல் வைத்து அளந்தேன், மூன்று விரல் அகலம். அதே இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு காம்பு நோக்கிப் போகப் போக இரண்டு விரல், ஒரு விரல், காம்படியில் நகக்கண் அளவுகூட இல்லை. தீர்க்கரேகைகளும் அப்படித்தான் வடதுருவத்தில் போய்ச் சேர்கின்றன. நாம் இருப்பது காயின் வயிற்றில். ட்ரோம்சோ காம்புக்குப் பக்கத்தில்.

எவ்வளவு சுருங்கும் என்பதை அட்சரேகையின் கொசைன் (கால்குலேட்டரில் cos) சொல்லிவிடும். 111.2ஐ அந்தக் கொசைனால் பெருக்க வேண்டும். நம் டெல்டாவில், 10.8 டிகிரியில், ஒரு டிகிரிக்கு 109 கி.மீ. வருகிறது, பெரிய குறைவில்லை. 60 டிகிரியில் சரிபாதி, 56 கி.மீ. 65இல் 47. 70இல் வெறும் 38. கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் கொசைன் பொத்தான் தெரியும். தொடங்குவதற்கு முன் கொசைன் 60 போட்டுப் பாருங்கள். 0.5 வர வேண்டும். மைனஸில் ஏதாவது வந்தால் கருவி ரேடியன் என்ற வேறு கோண அளவில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நான் வீணாக்கிய தாள் கொஞ்சமில்லை.

இப்போது கணக்கு. இரண்டு அட்சரேகைக்கும் நடு மதிப்பு 69.70. அதன் கொசைன் 0.347. 111.2 உடன் பெருக்கினால் ஒரு டிகிரிக்கு 38.6 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 29.89இல் 18.92 போக 10.97. ஆக, கிழக்கு மேற்குத் தூரம் 423 கி.மீ. வடக்கு தெற்கு வித்தியாசம் 0.05 டிகிரி, அதாவது ஐந்தாறு கி.மீ. இரண்டையும் தனித்தனியே வர்க்கம் போட்டுக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், பிதாகரஸ் கணக்குத்தான், அதே 423 வருகிறது. பூமி உருண்டை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. துருவத்தில் கொஞ்சம் தட்டை என்பதையும் சேர்த்தால் ஒன்றிரண்டு கி.மீ. கூடும். பெண்ணை எப்போது கூப்பிடுவது என்று பார்க்க இது போதும். விமானிகள் பேசும் கடல் மைலில் வேண்டுமானால் 1.852ஆல் வகுங்கள், 228 வரும்.

நீடாமங்கலத்திலிருந்து நேர் கிழக்கே அதே 10.97 டிகிரி போனால் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 1,200 கி.மீ. வேளாங்கண்ணியைத் தாண்டி, வங்காள விரிகுடாவின் பெரும்பகுதியைக் கடந்து அந்தமானை நெருங்கிவிடுவோம். என் அட்லஸ் கணக்கில் காணாமல் போன 800 கி.மீ. அதுதான். சுவரில் மாட்டுகிற உலகப் படமும் இதே ஏமாற்றைச் செய்கிறது. அதில் தீர்க்கரேகைகளைச் சேரவிடாமல் நேராக நிறுத்தியிருப்பார்கள். அதனால் 70 டிகிரியில் உள்ள ஊர்கள் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இழுத்து வைத்தாற்போல் தெரியும். ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது.

இந்தப் பிதாகரஸ் வழி, சில நூறு கி.மீ. தூரத்தில் உள்ள ஊர்களுக்குத்தான். வடக்கே தூர ஊர்களுக்குப் போட்டால் கவிழ்த்துவிடும். அலாஸ்காவின் உச்சியில் உட்கியாக்விக் என்ற ஊர் இருக்கிறது, 71.29 டிகிரி வடக்கு. ட்ரோம்சோவிலிருந்து பார்த்தால் பூமியின் ஏறக்குறைய எதிர்ப்பக்கம், தீர்க்கரேகை வித்தியாசம் 175 டிகிரிக்கு மேல். அட்சரேகையை ஒட்டியே மேற்கே போனால் 6,500 கி.மீ. ஆகும். காம்பின் மேலாகவே, அதாவது துருவத்தை உரசிக்கொண்டு போனால் 4,340 கி.மீ.தான். அப்படிப்பட்ட ஊர்களுக்குப் பேரனின் பூகோள உருண்டையை எடுத்து நூலை இழுத்துப் பிடித்து அளந்துகொள்ளுங்கள், அல்லது அப்போது மட்டும் தளத்தைப் பாருங்கள்.

தூரம் முடிந்தது. இனி நேரம், இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. முப்பது வருஷத்துக்கு மேல் நான் பார்த்த வேலையே அதுதானே.

டிக்கெட்டில் எங்காவது ஒரு மூலையில் விமானத்தின் பெயர் இருக்கும். அதைப் பார்க்காமல் நேரக் கணக்குப் போடாதீர்கள். வட நார்வேயில் ஹாமர்ஃபெஸ்ட், வாட்சோ மாதிரி ஊர்களில் ஓடுபாதை 800 மீட்டரைச் சுற்றித்தான் இருக்கிறது. ஜெட் இறங்காது. அங்கே ஓடுவது விடெரோ நிறுவனத்தின் டேஷ் 8 என்ற இரட்டை விசிறி விமானம். 39 பேர் உட்காரும் சின்ன டேஷ் 8 என்றால் மணிக்கு 480 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். 78 பேர் உட்காரும் 400 என்ற பெரிய வகைக்கு 620. ட்ரோம்சோ, கிர்கெனெஸ் இரண்டிலும் ஓடுபாதை இரண்டு கி.மீ.க்கு மேல் என்பதால் அங்கே ஜெட்டும் வரும், அதற்கு 800 போடுங்கள்.

சின்ன டேஷ் 8இல் 423ஐ 480ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் 53 நிமிடம். இது ஓடுகிற நேரம் மட்டும். நாங்கள் ரன்னிங் டைம் என்போம். இதன் மேல் 15 நிமிடம் சேருங்கள்: நின்ற இடத்திலிருந்து ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறும்போது மெதுவாகப் போவது, இறங்குவதற்கு வட்டமடித்துத் திசை பிடிப்பது, மறுபடி உருண்டு வந்து நிற்பது. ஜெட்டுக்கு 30 சேர்க்கலாம். ஆக 1 மணி 8 நிமிடம். பெரிய டேஷ் 8 என்றால் 41உம் 15உம் சேர்ந்து 56 நிமிடம். இப்படி நின்ற இடத்திலிருந்து நின்ற இடம் வரை எண்ணுவதை விமானக்காரர்கள் பிளாக் டைம் என்கிறார்கள். எனக்குப் பிளாக் என்றால் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு வண்டி மட்டும் நிற்கக்கூடிய பாதை. அவர்களுக்கு அது சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை. கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி வைக்கிறவரை.

விதி சரியா என்று நம் பக்கத்திலேயே சோதித்துப் பார்த்தேன். திருச்சி விமான நிலையத்துக்கும் சென்னைக்கும் இதே முறையில் 294 கி.மீ. வருகிறது. விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம், மணிக்கு 500. 35 நிமிடம் பறப்பு, 15 சேர்த்தால் 50. ஆனால் அட்டவணையில் ஒரு மணி நேரமோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ போட்டிருப்பார்கள். மிச்சம் சென்னையில் வரிசையில் நிற்பதற்கு. நாங்களும் கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் கொஞ்சம் நிமிடங்களை ஒளித்துவைப்போம். வண்டி தாமதமாக வந்தாலும் ‘சரியான நேரத்தில்’ வந்துசேர்ந்ததாகப் பலகையில் எழுதலாம். கிர்கெனெஸில் அப்படி வரிசை கிடையாது. அதனால் வடக்கே நம் பென்சில் கணக்கும் அவர்கள் அட்டவணையும் இன்னும் நெருங்கி வரும்.

நேராகப் போகிற விமானமா, நின்று நின்று போகிறதா என்பதுதான் பாக்கி எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம். அங்கே விமானம் நம் டவுன் பஸ் மாதிரி. ஒரு ஊரில் நாலு பேரை இறக்கி மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பும். ட்ரோம்சோ, ஹாமர்ஃபெஸ்ட், வாட்சோ, கிர்கெனெஸ் என்று ஒரு வண்டி ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் துண்டு 211 கி.மீ., இரண்டாவது 241, மூன்றாவது 38. மொத்தம் 490. நேர்வழியைவிட 67 கி.மீ.தான் அதிகம். தூரத்தை மட்டும் பார்க்கிறவர் பத்து நிமிடம் கூடும் என்பார். போட்டுப் பாருங்கள்: பறப்பு 61 நிமிடம். மூன்று முறை ஏறி இறங்க, துண்டுக்குப் பதினைந்து என்று 45. நடுவில் இரண்டு ஊரில் தலா 20 நிமிடம் நின்றால் 40. மொத்தம் 2 மணி 26 நிமிடம். நேர் விமானத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

இது எனக்கு ஆச்சரியமே இல்லை. நம் பக்கத்து ரயில் பாதை ஒன்றில் கேட் கீப்பரை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு, கேட்டுக்குக் கேட்டு நிறுத்தி, அவர் இறங்கி மூடி, வண்டி தாண்டியதும் திறந்துவிட்டு ஏறிக்கொள்ளும் காலம் ஒன்று இருந்தது. நூற்றைம்பது கி.மீ.க்குள் உள்ள தூரத்துக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், நேரத்தைத் தின்பது கிலோமீட்டர் இல்லை, நிற்பதுதான்.

அந்த 38 கி.மீ. துண்டு ஒரு வேடிக்கை. வாட்சோவும் கிர்கெனெஸும் வராங்கர் என்ற கடல்கழியின் இரு கரைகள். காரில் சுற்றிப் போனால் 170 கி.மீ. அளவுக்கு ஆகும். கொள்ளிடத்துக்கு அக்கரையில் கண்ணுக்குத் தெரிகிற ஊருக்குப் பாலம் தேடிச் சுற்றிப் போவோமே, அதை இன்னும் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். என் விதிப்படி பறப்பு 5 நிமிடம், மேலே 15, மொத்தம் 20. இவ்வளவு குட்டித் தூரத்தில் விமானம் முழு வேகத்தைத் தொடுவதற்குள் இறங்க ஆரம்பித்துவிடும். அதனால் இந்த மாதிரித் துண்டுக்கு வகுத்தலையே விட்டுவிட்டு இருபது நிமிடம் என்று எழுதிவிடுகிறேன்.

காற்று. ஆடி மாதம் சைக்கிளில் மேற்கே பார்த்து தஞ்சாவூர் ரோட்டில் மிதித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் மேலே அடிப்பது பெரும்பாலும் மேல்காற்றுதான். 50 கி.மீ. வேகத்தில் அடித்தால், ட்ரோம்சோவிலிருந்து கிழக்கே போகும்போது 53 நிமிடப் பறப்பு 48 ஆகும். திரும்பி வரும்போது 59. ஆகவே போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று அட்டவணையில் இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். குளிர்காலத்தில் இன்னொன்றும் சேரும். இறக்கையில் படிந்த பனியைச் சூடான திரவம் பீய்ச்சிக் கரைத்த பிறகுதான் ஓடுபாதைக்கே விடுவார்கள். அதற்குப் பத்து நிமிடம் சேர்த்துவைப்பேன். பனிப்புயல் வந்தால் கணக்குப் புத்தகத்தை மூடிவைக்க வேண்டியதுதான்.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை வேண்டுமானால், ட்ரோம்சோவில் ஊருக்குள்ளிருந்து விமான நிலையம் ஐந்து கி.மீ. அளவுதான், இருபது நிமிடம் வையுங்கள். முன்கூட்டிப் போய்க் காத்திருப்பது ஒரு மணி நேரம். அந்தப் பக்கம் பெட்டி வர இருபது, ஊருக்குள் போக இருபது. ஒன்றே கால் மணி விமானம் மூன்றே கால் மணியாகிவிடுகிறது. பாதிக்கு மேல் தரையில்தான்.

கடைசியாகக் கடிகாரம். நார்வே முழுக்க ஒரே நேரம்தான். கிர்கெனெஸ் இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே இருந்தும் கடிகாரம் ஆஸ்லோவோடுதான் ஓடுகிறது. ஆகவே நார்வேக்குள் இறங்கும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழித்தாலே பயண நேரம். பக்கத்து ஃபின்லாந்து ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். ட்ரோம்சோவிலிருந்து அங்கே போகிற விமானத்துக்கு இப்படிக் கழித்தால் ஒரு மணி நேரம் கூடுதலாகவும், திரும்பி வருவதற்கு ஒரு மணி நேரம் குறைவாகவும் காட்டும். மாப்பிள்ளை ஒருமுறை ஃபின்லாந்திலிருந்து ட்ரோம்சோவுக்கு வந்தபோது, விமானம் கிளம்பிய பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டதே என்று நான் திகைத்தது இதனால்தான்.

நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் வித்தியாசம், கோடையில் மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் மாற்றுகிறார்கள். நான் பஞ்சாங்கக் காலண்டரில் இரண்டு நாளையும் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

இந்த மாதம் அவள் மாலை 4.30 விமானம். மாலை என்று பேருக்குத்தான், ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியனே எழாது. 1 மணி 8 நிமிடம் சேர்த்தால் 5.38. நாலரையைச் சேர்த்தால் நமக்கு ராத்திரி 10.08. பனி கரைக்கப் பத்து நிமிடம், 10.18. ஒன்பதரைக்கே படுக்கிற மனைவி, அன்றைக்கு மட்டும் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விளக்கை அணைக்காமல் கிடப்பாள். 10.20க்கு அடிக்கவில்லை என்றால் என் நோட்டை வாங்கி, எந்த இடத்தில் கொசைன் போட மறந்தேன் என்று பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.